ஐந்தாவது அடி

அக்கா,

இன்று காலை உங்கள் மஞ்சள் பையைத் திறந்தேன். மிளகு வாசம் குப்பென்று வந்தது. பிள்ளைகளின் மனுக் காகிதங்களைப் பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு பிடி மிளகைத் துணியில் முடிந்து போடுவீர்களே, அதே முடிச்சு. நீங்கள் போன பதினாறாம் நாள் உங்கள் மகன் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். காது கேளாத பிள்ளை, இனி இது என் பொறுப்பு என்று கையால் காட்டினான். பையை மடியோடு அணைத்துக்கொண்டேன்.

என் வள்ளிக்கு ஊனச் சான்றிதழ் வாங்கப் போனது நினைவிருக்கிறதா? செம்மேட்டில் முகாம் என்றதும் எட்டுக்கை அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். கால் சூம்பிப் பிறந்த பிள்ளை டாக்டர் முன்னால் குறுகி நிற்கக் கூடாது என்று ஒரு மாதம் நடக்கப் பழக்கினேன். புதுப் பாவாடை கட்டி, பூ வைத்துக் கூட்டிப்போனேன். நாலு அடி நடந்தாள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். டாக்டர் ஊனத்தைக் குறைத்து எழுதிவிட்டார். பள்ளிக்கூடத்துக்குக் கேட்டிருந்த சக்கர நாற்காலி கிடைக்காது என்றார்கள்.

பஸ் ஸ்டாண்டில் அழுதுகொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். முகப்பழக்கம் மட்டும்தான் அப்போது. கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள்.

"ஏம்மிணி, அம்மன்கிட்ட உள்ளதச் சொல்லி அழுவ. டாக்டருகிட்ட மட்டும் பொண்ணு பாக்க வந்தவங்களுக்குக் காட்டற மாதிரி காட்டுவியா?"

எனக்குக் கோபம். உங்கள் மகனுக்கும் அதையே செய்ததாகச் சொன்ன பிறகுதான் இறங்கியது. டாக்டர் கூப்பிடும்போது நீங்கள் தரையில் காலைத் தட்ட, அதிர்வு உணர்ந்து அவன் திரும்பினானாம்; காது கேட்கிறது என்று எழுதிவிட்டார்களாம். அந்தத் தப்பைத் திருத்த அலைந்து அலைந்துதான் மற்ற பிள்ளைகளுக்காகவும் முகாம்களுக்குப் போகப் பழகினீர்கள்.

மறுபடி பரிசோதிக்கச் சொல்லி மனு எழுதிப் போட்டோம். நாமக்கல்லுக்கு வரச் சொன்னார்கள். மரவள்ளி பிடுங்கும் வேலையை விட்டுவிட்டு என்னோடு மலை இறங்கினீர்கள். உங்களுக்கு எதற்கு இந்தப் பாடு என்றேன்.

"அம்மனுக்கு எட்டுக் கை. உனக்கு ரெண்டு. புள்ளையத் தூக்கவே அது சரியாப் போகும். பேப்பரப் புடிக்க ஒரு ஆளு வேண்டாமா?"

அங்கே டாக்டர், பிள்ளைக்கு எதெல்லாம் முடியாது என்று என்னைக் கேட்டார். அவளை வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வேன்? நீங்கள்தான் முன்னால் வந்தீர்கள்.

"ஏனுங்க சார், அந்தப் புள்ளையவே கேளுங்க."

வள்ளி நிமிர்ந்து பார்த்தாள். "நாலு அடி நடப்பேனுங்க. அஞ்சாவது அடிக்கு அம்மா புடிக்கோணும். பள்ளிக்கூடத்துல அம்மா இல்லீங்க."

டாக்டர் புதிதாக எழுதினார். நாற்காலி வந்தது.

இன்று செம்மேட்டில் மறுபடி முகாம். நீங்கள் இல்லாமல் நான் போன முதல் முகாம். ஓர் அப்பா, புத்தி வளர்ச்சி குறைந்த மகளுக்கு ஒன்று முதல் பத்து வரை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பூவும் புதுச் சட்டையும் வேறு. உள்ளதைக் காட்டுங்கள் என்றேன். என்னைப் போலவே முறைத்தார். வள்ளியின் நாலு அடியைச் சொன்னேன். சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டு, "எது கண்ணு உனக்குக் கஷ்டம்?" என்று மகளைக் கேட்டார். ரோட்டைத் தாண்டப் பயம் என்றாள். உள்ளேயும் அதையே சொன்னாள். நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முடிவு அடுத்த வாரம் தெரியும். குறைத்திருந்தால் மறுபடி மனு எழுதுவோம்.

வீட்டுக்கு வந்து பழைய மிளகைக் கொட்டிவிட்டு, எங்கள் கொடியில் பறித்துக் காயவைத்ததைத் துணியில் போட்டேன். முடிச்சுப் போட்டவள் வள்ளி. அடுத்த முகாமுக்கு அவளும் வருகிறாளாம்.