கொயருக்கு முன்னால் சும்மா நின்றவன் எழுதுவது

அக்கா,

குமுளி கூரியர் கடையில் இன்று என் பேருக்கு நீளமான அட்டைப்பெட்டி ஒன்று வந்திருந்தது. பேர் என்னுடையது, பொருள் என்னுடையது இல்லை. நம் சபையில் பாடுகிற கொயரை இப்போது நடத்துகிற நர்ஸ் பெண் ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டு, ஜீப் ஓட்டுகிறவன் எப்படியும் குமுளிக்குப் போவான், வாங்கி வரட்டும் என்று என் நம்பரைக் கொடுத்திருந்தாள். பெட்டி காற்றைப் போல லேசாக இருந்ததால் கடைக்காரருக்குச் சந்தேகம்.

"உள்ள ஒண்ணுமே இல்லியே சேட்டா. ஏமாத்திட்டாங்க போல. இங்கயே பிரிச்சுப் பாருங்க."

பிரித்தால் ஒரு வெள்ளைக் குச்சி. ஊதுபத்தியைவிடக் கொஞ்சம் தடிமன், பிடிக்கிற இடத்தில் கார்க் உருண்டை. கொயருக்கு முன்னால் நிற்பவர்கள் கையில் பிடித்து வீசுகிற குச்சி அது. பாட்டு நடத்த என்று சொன்னேன். "இதுல சத்தம் வருமா?" என்று கேட்டார். வராது என்றதும், என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அந்தக் குச்சியை ஒருதரம் வீசிப் பார்த்தேன். கீழே, உள்ளே, வெளியே, மேலே. கை மறக்கவில்லை. நீங்கள் பக்கத்து சீட்டில் இருந்திருந்தால் சிரித்தே வயிறு நொந்திருக்கும்.

உங்களுக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். ஆனாலும் முதலிலிருந்து எழுதினால்தான் எனக்கே கோர்வையாக வரும்.

பழைய கொயர் மாஸ்டர் எஸ்டேட் ஆபீஸ் வேலை முடிந்து சொந்த ஊருக்குப் போன பிறகு, கொயரைக் கட்டி இழுத்தது நீங்கள்தான். நாலு குரல் பாட்டு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். திருநெல்வேலிப் பக்கம் ஹாஸ்டலில் படித்தபோது கற்றது. பெண்களில் மேல் குரலான சோப்ரானோவுக்கு ஒரு மெட்டு, கீழ்க் குரலான ஆல்டோவுக்கு ஒன்று, ஆண்களில் டெனருக்கும் பேஸுக்கும் வேறு வேறு என்று எல்லாவற்றையும் நீங்களே பாடிக் காட்டிப் பாடம் ஏற்றினீர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரு பெண் சபைக்கு முதுகைக் காட்டி நின்று கையை வீசக்கூடாது என்று சபைக் கமிட்டி சொல்லிவிட்டது. ஒரு ஆண் நிற்கட்டும் என்றார்கள். தேடியதில் நான் அகப்பட்டேன். என் தகுதி என்று பார்த்தால், நெட்டையாக இருந்தேன், ஒரு வெள்ளை பேன்ட் வைத்திருந்தேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதேக்கா" என்றேன்.

"நீ சும்மா நில்லுலே. கைய வீசு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றீர்கள்.

அப்படித்தான் பார்த்துக்கொண்டீர்கள். கொயரின் மூன்றாவது பெஞ்சில், ஆல்டோக்காரர்கள் வரிசையில், ஓரமாக உட்கார்ந்திருப்பீர்கள். பாட்டு தொடங்குவதற்கு முன் உங்கள் தோள் லேசாக உயரும். ஒரு மூச்சு. அந்த மூச்சோடு மொத்த கொயரும் மூச்சிழுக்கும், குரல் எழும்பும். என் கையை ஒருத்தரும் பார்க்கவில்லை. ஒருதரம் மூன்று தட்டுப் பாட்டுக்கு முழுக்க நாலு தட்டு போட்டு முடித்தேன். பாட்டுக்கு ஒரு கேடும் வரவில்லை. ஆராதனை முடிந்ததும் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து, இன்றைக்கு ரொம்ப உருக்கமாக நடத்தினாய் என்று பாராட்டினார். உங்களுக்கு இருமல் வந்துவிட்டது.

தோளையும் மூச்சையும் வைத்து நடத்தும் பழக்கம் உங்களுக்கு வந்தது பிள்ளைக் காம்பராவில். ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகும் அம்மாமார் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் அந்த நீளமான அறையில்தான் உங்கள் வேலை. சாயங்காலம் கொயர் பழகுவதும் அங்கேதான். அம்மா வந்து சேராத இரண்டு மூன்று பிள்ளைகள் எப்போதும் தொட்டிலில் தூங்கும், ஒன்று உங்கள் தோளில் கிடக்கும். வீசுவதற்குக் கை எங்கே இருந்தது? பிள்ளை எழுந்துவிடக் கூடாது என்பதால் எல்லோரும் அடங்கிய குரலில்தான் பழகினோம். யாராவது குரலை உயர்த்தினால் தொட்டில் பக்கம் முகவாயைக் காட்டுவீர்கள், அவ்வளவுதான். இந்த மலையில் நம் கொயரைப் போல மெதுவாகப் பாட யாராலும் முடியாது என்று மற்ற சபைக்காரர்கள் சொல்வார்கள். பெரிய பயிற்சி என்று நினைத்துக்கொண்டார்கள். நாங்களும் மறுக்கவில்லை.

சாயங்காலம் குச்சியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது நர்ஸ் பெண் அதன் பூர்வீகத்தைச் சொன்னாள். வெள்ளைக்காரர் நாடுகளில் அந்தக் காலத்தில் இப்படித் தனியாக ஒருத்தர் முன்னால் நின்று நடத்தும் வழக்கமே கிடையாதாம். பாடுகிறவர்களில் ஒருவரே பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தட்டித் தாளம் காட்டுவாராம். வாத்தியக்காரர்கள் கூட்டம் என்றால், முதல் வயலின்காரர் வாசித்துக்கொண்டே வில்லையும் தலையையும் அசைத்து எல்லோரையும் இழுத்துக்கொண்டு போவாராம். சில இடங்களில் பெரிய தடியால் தரையைத் தட்டினார்களாம். ஒரு ராஜாவின் அரண்மனையில் அப்படித் தட்டியவர், தடியைத் தன் கால் விரலிலேயே குத்திக்கொண்டு, அது அழுகி, செத்தே போனாராம். வாசிக்காமல், பாடாமல், குச்சியோடு மட்டும் நிற்கிற ஆள் பிறகுதான் வந்தாராம். அப்படிப் பார்த்தால் நீங்கள் பழைய முறையில் நடத்தியிருக்கிறீர்கள். நான் புது முறையில் நின்றிருக்கிறேன்.

என் குட்டை உடைத்தவர் சபைக்குப் போதகராகப் புதிதாக வந்த ஐயர். வந்த சில வாரங்களிலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஜீப்புக்காரரே, தப்பா எடுத்துக்கிடாதீங்க. கை முன்னாடி போவும், பாட்டு பின்னாடி வரும். அதான் வழக்கம். உங்களுக்குப் பாட்டு போன பெறவுல்ல கை போவுது?"

உள்ளதைச் சொன்னேன். ஆல்டோ அக்கா பாடுவதைக் கேட்டு, அதைப் பிடித்துக்கொண்டுதான் என் கை போகும் என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கமிட்டியைக் கூட்டினார். மூத்த கமிட்டிக்காரர் பழைய பல்லவியைப் பாடினார்: "ஒரு பொம்பளை சபைக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கதா?"

"முதுக ஏன் பாக்கீங்க? பாட்டக் கேளுங்க" என்றார் ஐயர். ஈஸ்டருக்கு நீங்கள் நிற்பது என்று முடிவாயிற்று.

நான் அதைச் சொல்ல வந்தபோது உங்களுக்கு முகம் மாறவே இல்லை. "எனக்கு எதுக்குலே இந்த வயசுல? நீயே நில்லு. பாக்க நல்லாத்தான் இருக்கு" என்றீர்கள். நானும் நம்பினேன். இரண்டு நாள் கழித்து ஆட்களை இறக்கிவிட்டு வரும் வழியில் பிள்ளைக் காம்பரா ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தொட்டில்களுக்கு நடுவில் நின்று, யாருமில்லாத சுவரைப் பார்த்துக் கையை வீசிக்கொண்டிருந்தீர்கள். நடுவில் நிறுத்தி, தலையை ஆட்டிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து. அத்தனை வருஷமும் அந்த இடம் உங்களுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. ஹாரன் அடிக்காமல் ஜீப்பை உருட்டிக்கொண்டு போனேன்.

ஈஸ்டர் அன்று கோயிலில் கால் வைக்க இடமில்லை. வெள்ளைச் சேலை கட்டி, கொயருக்கு முன்னால், நான் நிற்கிற இடத்தில் நின்றீர்கள். நான் பேஸ்காரர்கள் பெஞ்சின் கடைசியில் இருந்தேன். கீபோர்டில் முன்னிசை முடிந்தது. உங்கள் கை உயர்ந்து இறங்கியது. சரியாகத்தான் இறங்கியது. ஆனால் எங்களில் ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷப் பழக்கம், எல்லார் கண்ணும் மூன்றாவது பெஞ்சின் ஓரத்துக்குப் போயிற்று. அங்கே யாருமில்லை. பாதிப்பேர் தொடங்கினோம், மீதிப்பேர் முழித்தோம். நாலு குரலும் நாலு திசையில் போய், இரண்டாவது வரியில் அப்படியே நின்றுவிட்டது. மூத்த கமிட்டிக்காரர் தொண்டையைச் செருமிய சத்தம் கோயில் முழுக்கக் கேட்டது.

உங்கள் முகத்தை நான் பார்த்தேன். அழுதுவிடுவீர்கள் என்று நினைத்தேன். கை இரண்டும் தொங்கிக் கிடந்தது, அதை எங்கே வைப்பது என்று உங்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் போய் உட்கார்ந்துவிட்டால் இந்தச் சபையில் இனி எந்தப் பெண்ணும் அந்த இடத்தில் நிற்கப் போவதில்லை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அப்போது பெண்கள் பக்கம் ஒரு கைப்பிள்ளை வீறிட்டது. சோப்ரானோ பாடுகிறவளின் பிள்ளை. பெஞ்சில் இருந்த சித்தியின் மடியில் விட்டுவிட்டுப் பாட வந்திருந்தாள். நீங்கள் விறுவிறுவென்று இறங்கிப் போனீர்கள். நேராக வாசலுக்குத்தான் போகிறீர்கள் என்று நினைத்து நான் எழுந்தே விட்டேன். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தீர்கள். சபைக்கு முதுகைக் காட்டி நின்றீர்கள். பிள்ளையின் முதுகில் இரண்டு தட்டு தட்டினீர்கள், அது அடங்கியது. கீபோர்டுக்காரரைப் பார்த்து முகவாயை அசைத்தீர்கள். முன்னிசை மறுபடி வந்தது. உங்கள் தோள் உயர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதத் தேவையில்லை. பிள்ளை எழுந்துவிடக் கூடாது என்று பாடினோம். கோயில் நிறைய ஆள், ஒரு இருமல் இல்லை. பாட்டு முடிந்தபோது பிள்ளை உங்கள் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தது. மூத்த கமிட்டிக்காரர் முழுப் பாட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முதுகைப் பார்க்கக்கூடாது என்றா, பாட்டுக்காகவா என்று இன்றுவரை சொல்லவில்லை.

ஆராதனை முடிந்து எல்லோரும் உங்களைச் சுற்றிக்கொண்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு ஜீப் பக்கம் வந்தீர்கள். இனி நீங்கள்தான் அக்கா, எனக்கு விடுதலை என்றேன். சிரிப்பீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

"ஒரு வரிகூட நான் பாடலியேலே" என்றீர்கள். "பாடுனா மத்தவங்க கொரல் எனக்குக் கேக்க மாட்டேங்கு. அங்க நிக்கவ வாயத் தொறக்கக் கூடாது போல."

"நானும் அத்தனை வருசம் பாடலியேக்கா."

"ஒனக்குப் பாடவா தெரியும்?" என்று முதுகில் ஒன்று வைத்தீர்கள். ஆனால் கண் கலங்கியிருந்தது. நான் அதைப் பார்த்தேன் என்பது உங்களுக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களிலெல்லாம் நீங்கள்தான் நடத்தினீர்கள். கையும் நாளடைவில் பழகிவிட்டது, பிள்ளை தேவைப்படவில்லை. ஆனால் கோயிலில் உங்கள் குரலை யாரும் அதன் பிறகு கேட்கவில்லை. உங்கள் இடத்தில் உட்கார்ந்த பெண் நன்றாகத்தான் பாடினாள். போன மழைக்காலத்தில் நீங்கள் எங்களை விட்டுப் போனபோது, அடக்க ஆராதனையில் கொயரில் எல்லோரும் பாடினார்கள், நர்ஸ் பெண் முன்னால் நின்றாள். அவள் நிற்கலாமா என்று எந்தக் கமிட்டியும் கூடவில்லை. நான் பேஸ் பெஞ்சில் வாயை மட்டும் அசைத்தேன்.

நான் முன்னால் நின்ற வருஷங்களில் எனக்கு வாய்த்த ஒன்று வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. கை தவறாமல் போக வேண்டுமே என்று, நாலு குரலில் உங்கள் குரலை மட்டும் பிரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். சபைக்குக் கேட்டது சோப்ரானோ பாடுகிற மெட்டு. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு அதுதான். ஆல்டோ அதற்கு அடியில் போகிற வேறொரு வழி. தனியாகக் கேட்டால் என்ன பாட்டு என்று ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். எந்தப் பாட்டை எடுத்தாலும் என் வாயில் உங்கள் வழிதான் வருகிறது.

இன்று குமுளியிலிருந்து திரும்பும்போது கம்பத்திலிருந்து புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் நாலைந்து பேர் ஜீப்பில் இருந்தார்கள். வளைவில் கியர் மாற்றிக்கொண்டே நான் எதையோ முனகியிருக்கிறேன். பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"என்ன பாட்டுண்ணே அது? ராகமே பிடிபடலியே."

"கிறிஸ்மஸ் பாட்டும்மா. ஒனக்கும் தெரிஞ்சதுதான்" என்று முதல் வரியைச் சொன்னேன்.

"அய்ய, அது இப்படியா வரும்?" என்று அவள் சரியான மெட்டைப் பாடிக் காட்டினாள். நல்ல திடமான குரல். நான் நிறுத்தவில்லை, என் வழியிலேயே போனேன். அவளும் விட்டுக்கொடுக்காமல் மேலே பாடிக்கொண்டே வந்தாள். இரண்டாவது வரியில் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தியது. மற்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

பாட்டு முடிகிறவரை அவளுக்கு அடியில் நீங்கள் பாடிக்கொண்டு வந்தீர்கள், அக்கா.