உன் முகத்தோடு வந்தது

அன்புள்ள எலிக்கு,

அண்ணன் எழுதுவது. அப்பா நலம். முதுகு வலியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் நானும் நலம். உன் பயலுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று நீ அனுப்பிய செய்தியைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

போன் இருக்கும்போது இவன் எதற்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் இரண்டு தடவை ஆரம்பித்தேன், முடியவில்லை. குரலை நம்பாதே என்று சொல்ல வேண்டிய விஷயத்தை எந்தக் குரலில் சொல்வது? என் கையெழுத்து என்றால் உனக்குச் சந்தேகமே வராது. கோழி கிளறின மாதிரி எழுத உலகத்தில் வேறு யாராலும் முடியாது என்று நீதானே சொல்வாய். அதனால் பொறுமையாகப் படி. நடுவில் எங்கேயும் நிறுத்திவிட்டு எனக்குப் போன் போடாதே. கடைசிவரை படித்துவிட்டுப் போடு.

கல்குவாரி சமாச்சாரம் உனக்கு அரைகுறையாகத் தெரியும். ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட அந்தக் குவாரியில் காலையில் ஆட்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று எங்களுக்கு அழைப்பு வரும். நான்தான் ஆம்புலன்ஸை எடுத்துக்கொண்டு போவேன். முதலில் ஏற்றி வந்தது நம் தெருமுனைத் தையல்காரரை. வளரும் பிள்ளை, வளரும் பிள்ளை என்று சொல்லிச் சொல்லி உன் சீருடையைக் கணுக்கால்வரை தைத்துக் கொடுப்பாரே, அவரேதான். குவாரியின் நடுவில் அண்ணாந்து, வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தார். உட்கார வைத்தால் உட்காருகிறார். ஊட்டினால் சாப்பிடுகிறார். ஆனால் முகத்தைக் கீழே திருப்பினால் கழுத்து தானாக மேலே போய்விடுகிறது. பேசுவது ஒரே வார்த்தைதான். திரும்பிப் படுக்குது, திரும்பிப் படுக்குது என்கிறார்.

அவர் மனைவி என்னிடம் அழுதுகொண்டே ஒன்று சொன்னார். முந்தின நாள் மாலையில் அவருடைய தம்பி வீட்டுக்கு வந்தானாம். இவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தானாம். அண்ணனும் தம்பியும் தோளில் கைபோட்டுக்கொண்டு பேசிச் சிரித்தபடி வெளியே நடந்தார்களாம். அந்தத் தம்பி செத்து வருஷக்கணக்காகிறது. துக்கத்தில் உளறுகிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்தடுத்து ஏற்றி வந்தவர்கள் வீட்டிலும் அதே கதை. யாருக்காக ஏங்கினார்களோ அந்த ஆள் வந்து கூப்பிட்டிருக்கிறார். டாக்டர் குவாரியில் ஏதோ விஷ வாயு என்றார். எனக்கும் அதை நம்பிவிடுவது வசதியாக இருந்தது.

இப்போது நம் வீட்டுக்கு வருகிறேன்.

பயலுக்குக் காய்ச்சல் ஏறிய அன்று மதியம் நீ எனக்குப் போன் செய்தாய் அல்லவா? ஷிப்ட் முடிந்து மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். நெற்றியில் ஈரத்துணி போடலாமா, மருந்து கொடுத்து எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று நீ கேட்கக் கேட்க நான் பதில் சொல்லிக்கொண்டே வந்து கதவைத் திறந்தேன். சமையலறை மேசையில் நீ உட்கார்ந்து அப்பாவுக்கு ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாய்.

லைன் கட்டாகிவிட்டது என்று பிறகு உன்னிடம் சொன்னேனே, அது பொய். போன் என் கையிலிருந்து விழுந்துவிட்டது.

அப்பா சிரித்துக்கொண்டிருந்தார், எலி. பல் செட் போடாததால் வாயைக் கையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். உன் கல்யாணத்திலிருந்து ஆறு வருஷமாக உன் பெயரை எடுக்காத மனிதர். நீ போன் செய்தால் எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிற மனிதர். யார் வந்திருக்கா பாருடா, ஒரு வார்த்தை சொல்லாம வந்து நிக்கிறா பாரு என்றார். பல்லில்லாமல் மகளோடு பேசுவது அவருக்கே ஒரு மாதிரியாக இருந்ததோ என்னவோ, இரு, வந்துடறேன் என்று உள்ளே போனார்.

உன் முகம்தான். சைக்கிளிலிருந்து விழுந்த புருவத் தழும்புகூட இருந்தது. ஆனால் அதற்குக் கண் இமைக்க மறந்துவிடும். ஞாபகம் வந்ததும் விட்டுப்போனதற்கெல்லாம் சேர்த்து இரண்டு மூன்று தடவை இமைக்கும். தரையில் கிடந்த போனைக் காட்டி, அவ இன்னும் லைன்லதான் இருக்கா, பாவம், ஹலோ ஹலோங்கிறா என்றது. உன் குரலில். நான் குனிந்து போனை அணைத்தேன். எதற்கு அணைத்தேன் என்று தெரியவில்லை. நீ இதைக் கேட்டுவிடக் கூடாது என்று தோன்றியது.

நீ யார் என்று கேட்டேன். அது சிரித்தது. சிரிக்கச் சிரிக்க முகம் மாறியது. ரேடியோவில் யாரோ ஸ்டேஷன் மாற்றுவதுபோலத் தையல்காரரின் தம்பி, பிறகு நான், பிறகு ஒரு நொடி அம்மா. அந்த ஒரு நொடியை மட்டும் அது செய்யாமல் இருந்திருக்கலாம். மறுபடி உன் முகத்துக்கு வந்து, என்னைக் கடவுள்னு கூப்பிட்டவங்களும் உண்டு, அவங்களைத்தான் முதல்ல ஏமாத்தினேன் என்றது. கடவுள்தான், எலி. கும்பிடுகிற வகை இல்லை.

அதற்கப்புறம் எனக்குக் காட்டியது. காஸ் அடுப்புக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் தூரம் இருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அந்தத் தூரம் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒன்று தூங்குகிறது. நாம் மொட்டைமாடியில் படுத்து எண்ணுவோமே, அந்த நட்சத்திரமெல்லாம் அதன் மேல் படிந்த தூசி. நான் பார்க்கும்போதே அது புரண்டது. தையல்காரர் உளறவில்லை. அது நம்மை வெறுக்கவில்லை. வெறுத்தாலாவது ஒரு ஆறுதல் இருந்திருக்கும். நாம் இருக்கிறோம் என்பதே அதற்குத் தெரியாது.

உன் முகத்தோடு வந்தவன்தான் இதைச் சுலபமாக, பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி விளக்கிச் சொன்னான். அவன் என்பதா, அவள் என்பதா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அது தூங்குறவரைக்கும்தான் எல்லாம் இருக்கும், தூக்கம் கலையாம இருக்கக் கனவு வேணும், கனவு வேணும்னா ஏங்குற ஆளுங்க வேணும், நான் வெறும் டெலிவரி என்றது. பிறகு என் சட்டையிலிருந்த ஆம்புலன்ஸ் பட்டையைத் தட்டி, நாம ரெண்டு பேரும் ஒரே லைன்தான், நான் கொண்டுபோறேன், நீ கொண்டுவர்றே என்று கண்ணடித்தது. யாரையும் இழுத்துக்கொண்டு போவதில்லையாம். அவர்களாக எழுந்து வர வேண்டுமாம். அதில்தான் அதற்கு விளையாட்டே இருக்கிறதாம்.

அப்பா வந்தார். பல் செட், நல்ல சட்டை, வாரிய தலை. அப்பா, வாங்க, கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாம் என்றது அது. போகாதீங்க என்று கத்த வாயைத் திறந்தேன். நாக்கு என்னுடையதாக இல்லை. கால் தரையோடு தரையாகிவிட்டது. எத்தனையோ பேரைத் தூக்கிச் சுமந்த கை இரண்டும் ஈரத்துணிபோலத் தொங்கியது. அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசல் முக்காலியில் உட்கார்ந்து ஷூவை மாட்ட ஆரம்பித்தார்.

ஒரு ஷூவுக்கு லேஸ் கட்டினார். இரண்டாவதைப் பாதி கட்டியவர் குனிந்தபடியே கையை நிறுத்தினார். எலி, வெளியில போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும் என்றார். அவர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். இது உனக்குச் சேர வேண்டியது. அட்ரஸ் மாறிப் போய்விட்டது.

“உன் கல்யாணத்தன்னிக்கு நான் வேணும்னேதான் டியூட்டி கேட்டு வாங்கினேன். பதிவு ஆபீஸ் வழியா போற வண்டின்னு தெரிஞ்சுதான் எடுத்தேன். நீ படியில நின்னுட்டிருந்தே. என் பஸ்ஸைப் பார்த்துக் கையைத் தூக்கினே. அங்க ஸ்டாப். இறங்குறவங்க பெல் அடிச்சாங்க. நான் நிறுத்தலை. நான் உன்னைப் பார்க்கவே இல்லைன்னு நீ நினைச்சிருப்பே. பார்த்தேன்மா. கண்ணாடியில நீ சின்னதாகிக்கிட்டே போனதையும் பார்த்தேன். ரெண்டு ஸ்டாப் தாண்டினதும் ரோடு தெரியலை. எஞ்சின் கோளாறுன்னு சொல்லி எல்லாரையும் இறக்கிவிட்டுட்டு, வண்டியை ஓரமா விட்டுட்டு, யூனிபாரத்தோடயே திரும்பி நடந்து வந்தேன். நீங்க எல்லாரும் போயிட்டீங்க. டிப்போல மெமோ கொடுத்தாங்க. யார்கிட்டயும் சொல்லலை. உன் அண்ணன்கிட்டயும் சொல்லலை.”

எனக்குத் தெரியாது, எலி. சத்தியமாக எனக்குத் தெரியாது.

நான் அதன் முகத்தைப் பார்த்தேன். அந்த இடத்தில் எந்த முகத்தை வைக்க வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. உன் முகம் அப்படியே நின்றுவிட்டது. இமைக்கக்கூட இல்லை. பிறகு கேட்டது. உன் குரலில் இல்லை, எவர் குரலிலும் இல்லை. அங்க யாரும் இருக்க மாட்டாங்கன்னு தெரியும்ல, அப்புறம் எதுக்குத் திரும்பி நடந்தீங்க என்று கேட்டது. அதில் கேலி இல்லை. விளங்கிக்கொள்ள முடியாமல்தான் கேட்டது.

தெரியும், ஆனா நீ நின்ன இடத்துலயாவது கொஞ்ச நேரம் நிக்கணும்போல இருந்துச்சு என்றார் அப்பா.

எவ்வளவு காலமாக ஓடுகிறதோ தெரியவில்லை, அந்தப் பெரிய தூக்கத்துக்காக ஊர் ஊராக, முகம் முகமாக. இப்படி ஒரு ஆள் தனக்காக ஓடுவதே தூங்கிக்கொண்டிருக்கும் அந்தப் பெரியதுக்குத் தெரியாது. இதை நினைத்து ஒரு அடியாவது திரும்பி நடந்தவர் யாரும் இல்லை போலிருக்கிறது. பயத்தில் உறைந்து நிற்கும்போதே எனக்கு அதன் மேல் பாவமாக இருந்தது. சிரிக்காதே.

அது அப்பாவின் காலருகே மண்டியிட்டது. கட்டிய லேஸை அவிழ்த்தது. ஒரு ஷூ, அப்புறம் இன்னொரு ஷூ, கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தது. வெயில் அதிகமா இருக்குப்பா, இன்னிக்கு வேண்டாம் என்றது. அப்பா அதன் தலையில் கை வைத்தார். எத்தனை நேரம் வைத்திருந்தார் என்று தெரியாது. அது அசையவில்லை. பிறகு எழுந்து, லீவு விட்டதும் பயலைக் கூட்டிக்கிட்டு வர்றேன்ப்பா என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து வெளியேறியது.

அப்போதுதான் எனக்குக் கால் வந்தது. படியில் இறங்கி ஓடினேன். கீழ்ப்படியில் திரும்பி நின்றது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் பழைய குறும்பு திரும்பியிருந்தது தெரிந்தது. உன் தங்கச்சி பேர்ல ஒரு பொய் சொல்லிட்டேன், அது பொய்யாவே இருக்கட்டுமான்னு அவகிட்டயே கேட்டுக்கோ என்றது. தெருவில் போகிற கூட்டத்தில் யாராகவோ கலந்துவிட்டது.

அது திருந்திவிட்டது என்று நினைத்துவிடாதே. மறுநாளே குவாரியிலிருந்து இரண்டு பேரை ஏற்றி வந்தேன். தையல்காரர் இன்னும் அண்ணாந்துதான் இருக்கிறார். அன்றைக்கு அப்பாவை விட்டது, அவ்வளவுதான். மறுபடி வராது என்று என்னால் சொல்ல முடியாது. உன் வீட்டுக் கதவையும் தட்டலாம், என் முகத்தோடோ அப்பா முகத்தோடோ. வெளியே நடந்துட்டு வரலாம் என்று யார் கூப்பிட்டாலும் கிளம்பாதே. அப்பாவையும் நான் தனியாக விடுவதில்லை. பகல் ஷிப்ட்டில் பக்கத்து வீட்டு நர்ஸம்மா வந்து உட்காருகிறார். இரண்டு பேரும் சீட்டாட்டத்தில் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

யோசித்துப் பார்த்தால், ஏங்குகிறவரைத்தானே அது கூட்டிப்போகிறது? அப்பாவுக்கு ஏங்க எதுவும் இல்லாமல் செய்ய உன் ஒருத்தியால்தான் முடியும்.

வந்தது நீ இல்லை என்று அவரிடம் நான் சொல்லவில்லை. வாய் வரவில்லை. காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். பயல் மீன் சாப்பிடுவானா, இருட்டில் பயப்படுவானா என்று கேட்கிறார். பால்கனிக் கம்பி இடைவெளியில் குழந்தை தலை நுழையுமா என்று தன் கைமுட்டியை நுழைத்துப் பார்க்கிறார். அவ கோபமா இருப்பான்னு நினைச்சேன், ஒண்ணும் சொல்லாம ஷூவைக் கழட்டி வெச்சாடா என்று என்னிடம் நாளுக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுகிறார்.

மன்னித்துவிடு என்று உன்னைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. படியில் கை தூக்கி நின்றது நீ, நான் இல்லை. கோபம் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு வா. அவரிடமே திட்டித் தீர்த்துக்கொள், நான் குறுக்கே வரமாட்டேன். வந்ததும், ஆறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை, அன்றைக்கு வந்தது நீ இல்லை என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே. ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன், ஆம்புலன்ஸில் இல்லை, டாக்ஸியில்.

இதை எழுதும்போது அப்பா வந்து எட்டிப் பார்த்தார். பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன். யாருக்கு என்றார். எலிக்கு என்றேன். பயலை ஒரு தாள் மேல நிக்க வெச்சுக் காலைச் சுத்திப் பென்சிலால வரைஞ்சு அனுப்பச் சொல்லு, செருப்பு வாங்கி வைக்கணும், போன்ல அளவு கேட்டா சரியா வராது என்றார்.

இரண்டு காலையும் வரைந்து அனுப்பு, எலி. சீக்கிரம் அனுப்பு. நீங்கள் மூன்று பேரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

உன் அண்ணன்