பன்னிரண்டு செக்கன்

ஏப்ரல் 9, 2024
இன்றும் 2:34. இருநூறு மீற்றர் நீந்த இவ்வளவு நேரம் என்றால் யார் என்னைப் பார்ப்பார்கள்? ஜூன் முதலாம் திகதி தேசிய அணித் தேர்வு. 2:25 வேண்டும். ஒன்பது செக்கனை எங்கே போய்ப் பிடுங்குவது?

எனக்கு வாய்த்த தடாகம் பேசாலைக் கடல்தான். தம்பி கொலின்ஸ் இருநூறு மீற்றர் இடைவிட்டு இரண்டு மிதவை போட்டிருக்கிறான். வள்ளத்தில் கொண்டுபோய் மேற்கு மிதவையில் இறக்குவான். வீட்டுப் பக்கத்து மிதவைக்கு நீந்தி வருவேன்.

அப்பா சொல்லிவிட்டார்: "இந்த முறை எடுபடேல்லையெண்டா நண்டுக் கொம்பனிக்குப் போ பிள்ளை." இருபத்துநாலு வயசிலை நண்டு உடைக்கவோ? ஏலாது. ஏலாது.

ஏப்ரல் 20
ஜிம் வைத்திருக்கும் டிலோஜன் அண்ணாவிடம் தசைக்குப் பலம் தரும் கிறியற்றின் பொடி வாங்கினேன். "தடைசெய்த சாமான் இல்லை, பயப்பிடாதை. நாளுக்கு ஒரு கரண்டி. தண்ணி கனக்கக் குடி" என்றார்.

அந்தோனியாரே, இது வேலை செய்யட்டும்.

மே 8
எடை இரண்டு கிலோ கூடிவிட்டது. தசைக்குள் தண்ணீர் பிடிக்குமாம். பிடிக்கட்டும்.

மே 17
2:22!!! பன்னிரண்டு செக்கன் குறைந்திருக்கிறது. கடிகாரத்தைப் பறித்துப் பார்த்தேன், உண்மைதான். கொலின்ஸ் நேரத்தை வாசிக்காமல் வள்ளத்தைக் கட்டப் போய்விட்டான். எரிச்சல் பிடித்தவன்.

மே 26
2:22. 2:23. 2:22. கரையில் குந்தியிருந்து சந்தோசத்தில் அழுதேன். பொடி டப்பாவைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 1, கொழும்பு
2:36.

ஜூன் 2
பஸ்ஸில் எழுதுகிறேன். தேர்வாளர் நிவேதிகா மிஸ்ஸிடம் பொடியைப் பற்றிச் சொன்னேன். "சின்னச் சின்ன வேகப் பயிற்சிக்கு உதவும். இருநூறுக்குப் பெரிசா நம்பேலாது. கூடின பாரத்தையும் இழுக்க வேணுமெல்லே?" என்றா. அப்போ கடலில் 2:22 எப்படி வந்தது என்றேன். "கடலிலை ஒரே பக்கமாவோ நீந்தினனீங்கள்?"

ஓம் என்றேன்.

தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று மே தொடக்கத்திலேயே எழும்பிவிட்டது. நீரோட்டம் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. கடல்தொழில் செய்யிறவரின்ரை மகளுக்கு இது தெரியாதோ? ஐயோ, என்ன மடச்சி நான்!

ஜூன் 3
கொலின்ஸைப் பிடித்து உலுப்பினேன். "உனக்குத் தெரியும்தானே?"

"ஓம் அக்கா. வெறும் போத்தல் ஒண்டை மிதக்கவிட்டுப் பாத்தனான். நிமிசத்துக்கு ஆறு மீற்றர் தன்பாட்டிலை போகுது."

"ஏன்டா வாயைத் திறக்கேல்லை?"

"நீ டப்பாவைக் கும்பிடாத குறை. எப்பிடிச் சொல்லுறது?"

அடிக்கக் கை ஓங்கினேன். அவன் விலகவில்லை.

இங்கே மட்டும் எழுதுகிறேன். மே மாதம் முழுக்கத் தண்ணீர் என்னைத் தள்ளியது. முதுகில் உணர்ந்தேன். எனக்கும் தெரிந்தது. தெரியாத மாதிரி இருந்தேன்.

ஜூலை 1
கொம்பனியில் முதல் நாள். பஸ் ஏழு மணிக்கு. அதற்கு முன் கடலுக்குப் போனேன். வீட்டுப் பக்கத்து மிதவையில் இறங்கி, நீரோட்டத்துக்கு எதிராக மேற்கே நீந்தினேன். 2:47. கொலின்ஸ் இந்த முறை சத்தமாக வாசித்தான்.

தலை காயுமுன் பஸ் வந்துவிட்டது.