பச்சை என்று நான் சொன்னது

மேல்பிரிவு லயம்,
தலவாக்கலை.
22.11.2009

அன்புள்ள மகன் நிரோஷனுக்கு,

அப்பா எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் தங்கச்சி பூரணியும் மேலுக்குச் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் கொரியாக் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று அம்மனைக் கேட்டுக்கொள்கிறோம். இங்கே மூன்று வாரமாக விடாத மழை, கொழுந்து மடமடவென்று வருகிறது, எடுக்கத்தான் ஆள் இல்லை, லயத்து வீடுகளில் பாதிச் சனம் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டது. பூரணி அட்டனுக்குக் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போய் வருகிறாள், நம் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, பக்கத்துக் காம்பரா மீனம்மா அக்கா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். எனக்கு இடது காது இன்னும் மந்தமாகிவிட்டது, தேயிலைப் பேக்டரி மோட்டாருக்குப் பக்கத்திலேயே நின்று காலம் தள்ளினால் வேறென்ன ஆகும். இதெல்லாம் போனில் சொல்லக் கூடியதுதானே, எதற்கு லெட்டர் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் எனக்கு வாயில் பொய்தான் வருகிறது மகன். அதனால்தான் எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டுப் படி, வெறும் வயிற்றோடு படிக்காதே.

நீ அங்கிருந்து கொடுத்தனுப்பிய பார்சலை, லீவில் வந்த நோர்வூட் அழகன் போன ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தந்தான். அடுத்த மாதம் அம்மாவின் வருசத் திவசத்துக்கு அவள் படத்தைச் சுற்றி ஒட்டச் சொல்லி, சின்னச் சின்னப் பல்பு பதித்த லைட்டுப் பட்டி அனுப்பியிருக்கிறாய், அம்மாவுக்குப் பிடித்த பச்சையிலேயே எல்லாம் ஓடும்படி செய்திருக்கிறேன் அப்பா என்று துண்டுக் கடதாசியில் எழுதியிருக்கிறாய். அம்மாவுக்குப் பச்சை பிடிக்கும் என்று நான் சொன்னது பொய். போன வருசம் நீ அனுப்பிய முதல் பட்டியை அவள் பார்க்கவும் இல்லை. ஒரு பல்பு எரிந்துகூட அவள் பார்க்கவில்லை. நான்தான் அதைக் கருக்கிப் போட்டேன்.

போன வருசம் அந்தப் பட்டி வந்த அன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அம்மாவை இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிக் கூட்டிவந்து ஒன்பது நாள். கஞ்சித் தண்ணீர் மட்டும்தான் இறங்கும். மகன் லைட்டு அனுப்பியிருக்கிறான் என்றதும் தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னாள். உன் லெட்டரைப் பூரணி அவளுக்குப் படித்துக் காட்டினாள், ஒவ்வொரு பல்புக்கும் ஒரு நம்பர் இருக்கிறது, காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டில் பேர் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டால் அந்தப் பல்பு மட்டும் சொன்ன நிறத்தில் எரியும் என்று எழுதியிருந்தாயே, அதைக் கேட்டு அம்மா சிரித்தாள். அது மட்டும் நிசம். பேர் கூப்பிட்டு வராத பல்புக்குச் சம்பளம் வெட்டுவானா என்று பூரணியிடம் கேட்டாள். அவள் கடைசியாகச் சிரித்தது அதற்குத்தான்.

அதில் ஐந்து வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது, பல்புகளைக் கூப்பிடுகிற சின்னப் பலகையையும் கரண்டைக் குறைத்துக் கொடுக்கிற பெட்டியையும் கழற்றாமல் போட வேண்டும், அம்புக்குறி தொடங்குகிற முனையில்தான் வயரைக் கொடுக்க வேண்டும் என்று படம் போட்டே எழுதியிருந்தாய். என் காதிலும் விழுந்தது. ஆனால் உனக்குத் தெரியும், இருபத்திரண்டு வருசமாக நம் கோயில் திருவிழாவுக்கு சீரியல் பல்பு போடுகிறவன் நான். புதுப் பல்பு மாலை வந்தால் மினுக்குகிற பெட்டியைக் கழற்றிவிட்டு முதலில் நேரே வீட்டுக் கரண்டு லைனில் கொடுத்துப் பார்ப்போம், எல்லாம் எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டியை மாட்டுவோம். எத்தனை திருவிழா அப்படிப் பார்த்திருக்கிறேன். அதே நினைப்பில் உன் பலகையையும் கழற்றினேன், பெட்டியையும் கழற்றினேன், இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் சீவினேன். பூரணி ஓடிவந்து, “அப்பா, அண்ணன் அஞ்சு வோல்ட்டுனு எழுதியிருக்காருப்பா, லைன்ல குடுக்காதீங்க,” என்றாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. நேற்றுப் பிறந்தவள் எனக்கு லைட்டுப் போடச் சொல்லித்தரப் பார்க்கிறாள் என்று கத்திவிட்டு பிளக்கைச் செருகினேன்.

பட்டாசுக் கட்டு வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம். லயம் முழுக்கக் கரண்டு போய்விட்டது. பட்டியின் மேல் இருந்த றப்பர் உருகி, பல்பெல்லாம் கறுத்து, ஒரே நாற்றம். உள் காம்பராவிலிருந்து என்னங்க சத்தம் என்று அம்மா கேட்டாள். கரண்டு போய்விட்டது, நாளைக்குப் போட்டுக் காட்டுகிறேன் என்று சொன்னேன். புகை உள்ளே வரைக்கும் போயிருக்கிறது, முப்பத்தொரு வருசம் என்னோடு குடித்தனம் செய்தவளுக்கு என்ன நடந்தது என்று தெரியாமலா இருக்கும். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, “அவன் போன் பண்ணுனா நான் பாத்துட்டேன்னு சொல்லிருங்க. புள்ளைக்கு மனசு விட்டுப் போயிரும்,” என்றாள். என்னைத் திட்டவில்லை மகன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் இந்த ஒரு வருசத்தில் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

அன்று சாயந்திரமே நீ போன் எடுத்தாய். பார்த்தாள் என்று சொன்னேன், அது அவள் சொல்லச் சொன்னது. எந்த நிறம் அப்பா அம்மாவுக்குப் பிடித்தது என்று நீ கேட்டாய். நான் வாசலில் நின்றேன், எதிரே மலை, தேயிலையைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை, பச்சை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது நானே சேர்த்துச் சொன்னது. மூன்றாம் நாள் விடியற்காலை பெரட்டுக்குக் கூப்பிடத் தப்பு அடிக்கிற நேரம் அவள் போய்விட்டாள். உனக்கு லீவு கிடைக்கவில்லை, கொள்ளி வைக்க வர முடியவில்லை என்று போனில் அப்படி அழுதாய், அம்மா என் லைட்டைப் பார்த்துட்டுத்தானே போனாங்க, அது போதும்பா என்றாய். அதற்குப் பிறகு நான் எப்படிச் சொல்வேன். நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வருசம் ஓட்டிவிட்டேன்.

இந்தத் தடவை நான் பட்டியைத் தொடவே இல்லை. பூரணிதான் நீ எழுதியபடி பலகை பெட்டி எல்லாம் மாட்டிப் போட்டாள். ஒரே ஒரு பச்சைப் பொட்டு இந்த முனையிலிருந்து கிளம்பி ஒவ்வொரு பல்பாகத் தொட்டுக்கொண்டு அந்த முனைக்குப் போனது, போய்ச் சேர்ந்ததும் எல்லாம் சேர்ந்து மெல்ல எரிந்து மெல்ல அணைந்தது. எவ்வளவு நேரம் நின்று பார்த்தேன் என்று எனக்குத் தெரியாது. இவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை மகன். இதைத்தான் அம்மா பார்க்க விடாமல் செய்தேன். பூரணி ஒரு வருசமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அன்று என் பக்கத்தில் வந்து நின்று, “நீங்க சொல்லுறீங்களா, நான் சொல்லவா?” என்று மட்டும் கேட்டாள். அவள் கேட்டது நியாயம். பட்டியைக் கழற்றிச் சுற்றி வைக்கச் சொல்லிவிட்டேன், பொய் சொல்லி வாங்கிய நிறத்தை அம்மா படத்துக்கு மாட்ட எனக்கு மனசு வரவில்லை.

கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது. போன் எடுக்காமல் மட்டும் இருந்துவிடாதே. கருகிய பட்டியை நான் எறியவில்லை, நீ வந்து என்னை என்ன கேட்டாலும் கேட்டுக்கொள்கிறேன். குளிருக்குக் காலில் இரண்டு சோடி மேஸ் போட்டுக்கொள், வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே. அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உன் தலைக்கு மேல் இருக்கும், என்னுடையதை நீ ஏற்றுக்கொண்டால் அதுவும் இருக்கும்.

ஒன்றை மறக்காமல் எழுது. நிறத்தைப் பலகைக்குள் இருக்கிற கொம்பியூட்டர் கணக்கில் மாற்றலாம், அண்ணன் புதுக் கணக்கு எழுதி அனுப்பினால் போதும் என்று பூரணி சொல்கிறாள். திவசத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அம்மாவுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று நான் ஒரு நாளும் அவளைக் கேட்டதில்லை. பூரணிக்கும் தெரியவில்லை, மீனம்மா அக்காவைக் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. உனக்காவது தெரியுமா மகன்?

இப்படிக்கு,
உன் அப்பா
சோலைமலை