மீசை மேல் விழுந்த பழி

அன்புள்ள பாப்பாவுக்கு, உன்னைத் தூக்கி வளர்த்த சித்தப்பா எழுதுவது. இங்கே என் மீசையைத் தவிர எல்லோரும் சுகம், நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இப்போது நான் சொல்லப்போவதை இந்த உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள், இது சத்தியம்.

எங்கள் ஆய்வகத்து மருந்து உனக்குத் தெரியும். கொரோனா வைரஸ் தன் புரதங்களை ஒரே நீளச் சங்கிலியாகச் செய்யும், அதைத் துண்டு போட அதனிடம் ஒரு நொதி உண்டு, கத்தரிக்கோல் மாதிரி. எங்கள் மூலக்கூறு அந்தக் கத்தரியின் வாயில் போய் உட்கார்ந்துகொள்ளும், வைரஸ் பெருகாது. நான் செய்த தூள் தண்ணீரைக் கண்டதும் வெட்கப்பட்டே கரையும். போன மாதம் ஒரு காலை பார்த்தால் குடுவையின் அடியில் ஊசி ஊசியாகப் படிகம். அதே மூலக்கூறுதான், அடுக்கியிருக்கிற விதம் மட்டும் வேறு, யானை மிதித்தாலும் கரையாது, விழுங்கினாலும் உடம்பில் சேராது. பக்கத்துக் கட்டிடத்தில் முதலில் வந்த வியாதி இது. ஒரு துகள் உள்ளே நுழைந்தால் போதும், மற்றதெல்லாம் அதைப் பார்த்து அப்படியே உறையும். தலைகீழாக நின்றும் பழைய தூள் திரும்பவில்லை, வேலை நின்றுபோனது.

அந்தத் துகளை இங்கே யார் கொண்டுவந்தது என்று விசாரணை. எங்களுக்கு எடை போட்டுத் தருகிறவன், தராசு என்றுதான் கூப்பிடுவோம், என்னோடு ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவன், எழுந்து, சார், எல்லாம் இவரு மீசைதான், இவரே சொல்லியிருக்காரே என்றான். சொன்னேன்தான். இந்த மீசையில் ஒரு மூட்டைத் தூள் பதுக்கலாம் என்று கேன்டீனில் அளந்தது நான்தான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பக்கத்துக் கட்டிடத்துக்கு நாங்க ரெண்டு பேருமாத்தானே போனோம், என் மீசையோ அவன் சட்டையோ யாருக்குத் தெரியும் என்றேன். தராசு குனிந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தான். மேலாளர், உங்க கதையை அப்புறம் கேக்கிறோம், உட்காருங்க என்றார். இத்தனை வருஷம் நான் விட்ட கதையெல்லாம் கூட்டமாக வந்து என் வாயைப் பொத்தியது. இப்போது எனக்குக் குடுவை கழுவும் அறை. மீசையையும் எடுத்தாயிற்று, மூன்று கத்தரி உடைந்தது, சித்தி யாரோ என்று கதவைச் சாத்தப் பார்த்தாள். தராசு இன்றும் மதியம் டப்பாவோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உப்பு சரியா இருக்கா பாரு என்கிறான். நான் எழுந்து போய்விடுகிறேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. ஆபீசில் சிரிக்கச் சிரிக்கப் பேசாதே, அதையும் எடுத்து வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சித்திக்குப் போன் செய்ய மறக்காதே. நூறு வருஷம் நன்றாக இரு. யானையைத் தள்ளிவிடு, உடைந்த கத்தரிகளையும் தள்ளிவிடு. அன்றைக்கு அந்தக் கட்டிடத்துக்கு என்னோடு அவனும் வந்தான். அது மட்டும் உண்மை, நீயாவது நம்பு.

இப்படிக்கு,
மீசையில்லாத உன் சித்தப்பா