நமக்கு நடுவில் இருந்த சப்வூஃபர்

இன்று காலை நடையைக் கூட்டும்போது துடைப்பக்கட்டை பட்டு, தாழ்ந்த அடிச்சத்தத்தை மட்டும் எழுப்பும் சப்வூஃபர் பெட்டியின் பின்புறத்தில் உள்ள சின்ன விசை, எண் ஒன்றிலிருந்து எண் இரண்டுக்கு நகர்ந்துவிட்டது. உடனே பெட்டியின் சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கியது. இரண்டாம் எண்ணில் அது தேடுவது உன் வீட்டு டிரான்ஸ்மிட்டரை. அதை உன் தம்பி, டிவியோடும் மற்ற ஸ்பீக்கர்களோடும் சேர்த்து மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டிக்கு எடுத்துப் போய் எட்டு மாதம் ஆகிறது. பெட்டிக்கு அது தெரியாது. துடைப்பத்தைப் பிடித்தபடி அது சிமிட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவர்கள் படிப்பதில்லை. ஆனால் உன்மேல் இருக்கும் கோபத்தை வேறு யாரிடம் சொல்வது? செம்மேட்டில் நம்மைத் தெரிந்தவர்கள் எல்லோரும் நான் அழுவேன் என்றுதான் எதிர்பார்க்கிறார்கள்.

பதினோரு வருடம் நாம் இரண்டு பெண்களும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். நடுவில் ஒரு நடை, அந்தப் பக்கம் உன் போர்ஷன், இந்தப் பக்கம் என் போர்ஷன். நான் பள்ளியில் இயற்பியல் டீச்சர். நீ தாலுகா ஆபீஸில் கிளார்க். உனக்குப் படம் வேண்டும், எனக்குக் கச்சேரி வேண்டும். உன் ஹோம் தியேட்டரிலும் சரி, என் இரண்டு ஸ்பீக்கரிலும் சரி, அடிச்சத்தம் போதவில்லை. ஆளுக்கொரு சப்வூஃபர் வைக்க அறையில் இடமில்லை. வயர் இல்லாத பெட்டி ஒன்றைச் சேர்ந்து வாங்கி நடையில் வைப்போம் என்று சொன்னது நான்தான். என் ஆம்ப்ளிஃபயரில் ஒரு டிரான்ஸ்மிட்டர், உன் ஹோம் தியேட்டர் ரிசீவரில் ஒன்று. விசை ஒன்றில் இருந்தால் பெட்டி எனக்கு, இரண்டில் இருந்தால் உனக்கு. அவரவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டால் போதும். தாழ்ந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது என்று உனக்கு விளக்கினேன்.

"அப்ப உம்பட ஊட்டுலயும் எம்பட ஊட்டுலயும் ஒரே பேய் குடியிருக்கும்னு சொல்லு" என்றாய்.

முதல் மாதமே வம்பு வந்தது, அதுவும் கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அம்மாவிடமிருந்து. நீ சனிக்கிழமை மத்தியானம் படம் போட்டிருந்தாய். அந்த அம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"ஏனுங்க, மானம் இடிக்குதேன்னு காயப்போட்ட மொளக அத்தனையும் அள்ளி உள்ள வெச்சேனுங்க. வெளிய வந்து பாத்தா வெயிலு சுள்ளுனு அடிக்குது!"

"அது மழை இல்லீங்கக்கா. வில்லன் பங்களா வெடிச்சுதுங்க" என்றாய் நீ, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அடுத்த வாரம் நிஜமாகவே இடித்தது. 'மேல் வீட்டுப் பெட்டிதான்' என்று அந்த அம்மா உட்கார்ந்தே இருந்துவிட்டார். மிளகு முழுக்க நனைந்து போயிற்று. இருவரும் இறங்கிப்போய் மன்னிப்புக் கேட்டு, ஈர மிளகை முறத்தில் பரப்பிக்கொடுத்தோம். அதற்குப் பிறகு படம் போடும் முன் நீ மாடிச் சுவரில் சாய்ந்து கத்துவாய்: "அக்கா, இன்னிக்கு இடி நம்மளுதுங்க!"

பிறகு நம் சண்டை. பெட்டியின் சத்தக் குமிழ் எனக்குத் தாழ்வாக இருக்க வேண்டும். மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பி முழங்குவது கேட்க வேண்டும், ஆனால் பெட்டி ஒன்று இருப்பதே தெரியக் கூடாது. உனக்குத் தரை அதிர வேண்டும். உன் ரிசீவருடன் ஒரு சின்ன மைக் வந்திருந்தது. நீ உட்காரும் இடத்தில் அதை வைத்தால் ஒவ்வொரு ஸ்பீக்கரின் அளவையும் ரிசீவர் தானே அளந்துகொள்ளும். நாற்காலிமேல் சாம்பார் குண்டானைக் கவிழ்த்து, அதன்மேல் மைக்கை வைத்து, என்னை இருமக்கூட விடாமல் ஒரு ஞாயிறு முழுக்க அளந்தாய். மறுநாள் நான் பழக்கத்தில் குமிழைக் குறைத்துவிட்டேன். அளந்ததெல்லாம் வீண்.

"ஏம்புள்ள, அளந்து வெச்சத எதுக்குத் திருகுன?"

வழி சொன்னேன். குமிழை என் இசைக்கு ஏற்ற இடத்தில் நிறுத்திவிடுவோம், அதன்பின் நீ மறுபடி அள. படத்துக்கு எவ்வளவு கூட்டி அனுப்ப வேண்டுமோ அதை உன் ரிசீவர் பார்த்துக்கொள்ளும். பிறகு யாரும் குமிழைத் தொட வேண்டியதில்லை.

"அப்ப உங்க மிருதங்கத்துக்கு அடங்கித்தான் எம்படம் ஓடோணும். அப்படித்தானுங்க டீச்சரம்மா?"

ஆனாலும் அளந்தாய். பலித்தது. வருடக்கணக்கில் அந்தக் குமிழ் அசையவில்லை. சரியாக அளந்துவிட்டால் மனிதர்களுக்குள் எந்த வழக்கும் தீர்ந்துவிடும் என்று நான் நம்பியதும் அப்போதுதான்.

போன மழைக்காலத்தில் ஒரு மாலை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். உன் படம் முடிகிற நேரம். எனக்குத் தலை வலித்தது. எழுந்துபோய் ஒரு வார்த்தை சொல்லாமல் விசையை ஒன்றுக்குத் தள்ளிவிட்டேன். நீ வாசலுக்கு வந்தாய். "கடைசி சீன்ல வந்து கழுத்த நெரிக்கறயே" என்றாய். "கதை இருக்கிற படத்துக்கு எதுக்கு இவ்வளவு சத்தம்? இடிச்சாத்தான் உனக்குப் புரியுமா?" என்று கேட்டேன். எதற்கும் பதிலடி வைத்திருக்கும் நீ அன்று திரும்பிப்போய் உன் கதவைச் சாத்திக்கொண்டாய்.

இரண்டு வாரம் கழித்து வந்தாய். "இனிமே பெட்டி உனக்குத்தான் கண்ணு. ஒண்ணுலயே இருக்கட்டும். எனக்கு வேண்டாம்."

கோபித்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன். "சரி" என்றேன். உன் கோபத்துக்கு நான் பணிய மாட்டேன் என்று காட்ட, தினமும் மாலையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். மூன்று மாதம், ஒருநாள் தவறாமல். ஒரு மாலை மிருதங்கத் தனி ஆவர்த்தனம் போய்க்கொண்டிருந்தபோது நடையில் வந்து சுவரில் கை ஊன்றி நின்றாய். உட்கார்ந்த இடத்திலிருந்தே "என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல புள்ள. நல்லாருக்குது, கேளு" என்று சொல்லிப் போய்விட்டாய்.

வியாழக்கிழமைகளில் லீவு போட்டுவிட்டு மலையிறங்கிப் போனாய். "தம்பி ஊடு கட்டறான், மேஸ்திரிய நம்ப முடியல, பாத்துட்டு வாரேன்" என்றாய். மெலிந்ததற்கு மலைப்பாதைப் பஸ்ஸைக் காரணம் சொன்னாய். எதற்கும் ஆதாரம் கேட்கும் நான் இதற்குக் கேட்கவில்லை. கோபத்தில் இருப்பவளிடம் எதற்குக் கேள்வி என்று இருந்துவிட்டேன். வீடெல்லாம் ஒன்றும் கட்டவில்லை. நீ போனது சேலத்து ஆஸ்பத்திரிக்கு.

சாமான் எடுக்க வந்த அன்று உன் தம்பி இந்தப் பெட்டியைத் தொடவில்லை. "இது உங்களுதுன்னு அக்கா சொல்லிருச்சுங்க" என்றான். பிறகு தயங்கினான். "அந்தச் சத்தம் அக்காவுக்குக் காதுல கேக்கலீங்க. வயித்துல கட்டி இருக்கற எடத்துல வந்து இடிக்குதுன்னு சொல்லும். டீச்சர்கிட்டச் சொல்லலாமேக்கான்னேன். 'வேண்டாஞ்சாமி, அவளுக்கு இருக்கறது அது ஒண்ணுதான்'னுடுச்சுங்க."

அவன் அதை உன் பெருந்தன்மை என்று நினைத்துச் சொன்னான். எனக்கு அறைந்த மாதிரி இருந்தது. எனக்கு இருப்பது அது ஒன்றுதான் என்று உனக்கு யார் சொன்னது? அப்படியானால் நீ எந்தக் கணக்கில் சேர்த்தி? உன் வலியைத் தம்பியிடம் சொன்னாய், வீட்டுக்கார அம்மாவிடம்கூட அரைகுறையாகச் சொல்லியிருக்கிறாய். அடுத்த அறையில் இருந்த எனக்கு மட்டும் சொல்லாமல், இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தாய். சண்டை போட்டிருக்கலாம். பெட்டியைத் தூக்கி வெளியே வீசியிருக்கலாம். இப்படி என் கையாலேயே உன்னை மூன்று மாதம் இடிக்க விட்டிருக்க வேண்டாம். தாழ்ந்த ஒலியைச் சுவர் தடுக்காது என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் நான்.

ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியாமலும் இல்லை. சொன்னால் எந்த டாக்டர், என்ன ரிப்போர்ட், எங்கே காட்டு என்றிருப்பேன். ஒருமுறை நீ முதுகு வலி என்றபோது, படம் பார்க்க உட்கார்ந்தால் போய்விடுமே என்று சொன்னவள்தானே. உன்னை மன்னிக்க முடியவில்லை. என் பங்குத் தப்பையும் உன் தலையில் கட்டப் பார்க்கிறேன், அது நிற்கவில்லை.

உன் போர்ஷனுக்கு முள்ளுக்குறிச்சிக்காரப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு குடிவந்திருக்கிறாள். போன வாரம் அவள் கதவைத் தட்டி, என் பாட்டுச் சத்தம் தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டீச்சர்" என்றாள்.

நான் நகரவில்லை. மறுபடி கேட்டேன். சிரித்துக்கொண்டே, "இல்லீங்க, நீங்க கேளுங்க" என்றாள். மூன்றாம் முறையும் கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "சாயங்காலம் இவன் தூங்கற நேரத்துக்கு மட்டும் கொஞ்சம்... திடுக்கு திடுக்குனு முழிச்சுக்கறானுங்க" என்றாள்.

இந்த ஊரில் யார் 'ஒண்ணுமில்லீங்க' என்றாலும் நான் இப்போது நம்புவதில்லை. வாசலிலேயே நிற்கிறேன். மூன்று முறை கேட்கிறேன். பள்ளியில் பிள்ளைகள் இதற்காக என்னைக் கேலி செய்கிறார்கள் என்று தெரியும். உன்னிடம் நான் ஒரே ஒரு முறைதான் கேட்டேன். அதையும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் கேட்டேன்.