இரண்டாவது கன்ட்ரோலர்

அன்புள்ள அண்ணனுக்கு,

வீடியோ கேம் பெட்டியைப் பார்சலில் அனுப்பச் சொல்லி மெசேஜ் போட்டிருந்தாய். அனுப்ப மாட்டேன்.

அனுப்பலாம் என்றுதான் நேற்று அதைத் துடைக்கக் கழற்றினேன். கேசட் சொருகும் இடமெல்லாம் பச்சைக் களிம்பு. படம் வரவில்லை என்றால் நீ ஊதி ஊதி எச்சில் தெறித்த இடம் அது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொரு பின்னாகத் துடைத்தேன். படம் பளிச்சென்று வந்துவிட்டது. ஆனால் இரண்டாவது கன்ட்ரோலரில், அதாவது என்னுடையதில், குதிக்கும் பட்டனை நான்கு தரம் அமுக்கினால் ஒரு தரம்தான் வேலை செய்தது. அன்றைக்கும் அப்படித்தான். நான் ஒவ்வொரு பள்ளத்திலும் விழுவேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். "தத்தி, உனக்கெல்லாம் இது வராதுடி!"

அதையும் திறந்தேன். பட்டனுக்கு அடியில் இருக்கும் ரப்பரில் பாதியை மறைத்து ஒரு துண்டு கறுப்பு டேப். கத்தரிக்கோலால் அளவாக வெட்டியது. அது தானாகப் போய் ஒட்டிக்கொண்டதா? இத்தனை வருடம் என் கட்டைவிரலைத்தானே திட்டிக்கொண்டிருந்தேன், பாவி!

அம்மா போன பிறகு நீ ஏன் இந்த வாசலை மிதிக்கவில்லை என்று கேட்கப் போவதில்லை. உன் அறையை வாரா வாரம் கூட்டுகிறேன் என்று சொல்லவும் போவதில்லை. பெட்டி வேண்டுமென்றால் நேரில் வா. என்னை ஜெயித்துவிட்டு எடுத்துக்கொண்டு போ.

முதல் கன்ட்ரோலர் எனக்கு. இரண்டாவது உனக்கு. அந்த டேப்பை எடுத்த இடத்திலேயே திரும்ப ஒட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தத்தி